சீனத்துச் சிலைகளும் செட்டிகுளத்துக் கரும்பும்

பிரயாணம் அறிவை விரிவாக்கும் என்பது முன்னோர் கொள்கை. ஆயினும் பிரயாணம் செய்வோர் யாவரும் அறிவு பெற்று மீள்வதில்லை. அயலூர்க் கோயில் ஒன்றினுட் புகுந்து, தூண்தோறும் ஒரு நொடி நின்று, 'நன்று, நன்று' என்று கூறி, நிழற்படம் எடுத்துக்கொண்டு வெளிப்படுவோர் பலர். அவர்கள் கண்டது கல், காணாதது கதை. ஒரு சிலையின் பின்னே நிற்கும் ஐதிகத்தை அறியாதவன் அச்சிலையிற் பாதியையே கண்டவனாவான். இவ்வுண்மை நம் நாட்டுச் சிலைகளுக்குப் பொருந்துவது போலவே, நமக்கு முற்றும் அயலானவை என்று நாம் எண்ணும் சீனத்துச் சிலைகளுக்கும் பொருந்தும். அன்றியும், அவற்றின் கதைகளை வினவப் புகுவோமாயின், அவற்றுட் சில நம் நாட்டிலிருந்தே புறப்பட்டுப் போனவை என்பதும் தெரியவரும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையிலே, பெரம்பலூரை அடையுமுன், பாடாலூர் என்னும் ஊர் இருக்கின்றது. வண்டிகளில் விரைந்து செல்வோர் அதனைப் பொருட்படுத்தி நிற்பதில்லை. அவ்வூரை அடுத்த செட்டிகுளத்திலே, குன்றின்மேல் ஒரு முருகன் கோயில் உளது. இறைவன் திருநாமம் தண்டாயுதபாணி. ஆயின் அவன் திருக்கரத்திலே காணப்படுவது கரும்பு. இதனைக் காண்பவன், சிற்பி தவறினான் என்றோ, விளையாட்டாகச் செய்தான் என்றோ கருதக்கூடும். ஊராரை வினவினால் வேறொரு செய்தி கிடைக்கும். முன்னொரு காலத்தில் இவ்வழியே சென்ற வணிகன் ஒருவன், இருள் சூழ்ந்தமையால், காட்டினிடையே ஒரு மரத்தின்மேல் இராப்பொழுதைக் கழித்தான். நள்ளிரவிலே பேரொளி ஒன்று தோன்ற, அதன் நடுவே சிவலிங்கத்தைத் தேவர் வழிபடக் கண்டான். அவன் அதனைச் சோழ மன்னனுக்கு அறிவித்தான். சோழன் பாண்டியனோடு வந்து தேடியபோது, கரும்பைக் கையிற் கொண்ட முதியவர் ஒருவர் எதிர்ப்பட்டு, இலிங்கம் இருந்த இடத்தைக் காட்டிவிட்டுக் குன்றின்மேற் சென்று மறைந்தார். அம்முதியவரே முருகன் என்பது ஐதிகம். இதனைக் கேட்டபின் அக்கரும்பு வெறுங் கரும்பாகத் தோன்றுவதில்லை. வழி தவறியவனுக்கு வழிகாட்டிய கோலாகத் தோன்றுகின்றது. அவ்வொளியை முதலிற் கண்டவன் அரசனல்லன், முனிவனல்லன், வணிகன் என்பதையும் நினைவிற் கொள்க. வணிகர் வாயிலாகக் கதைகள் பரவிய செய்தியைப் பின்னரும் காண்போம்.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து ஒரு முறையை நாம் கற்றுக்கொள்ளலாம். எந்நாட்டுச் சிலையையும் அணுகும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். கையில் உள்ளது யாது? காலடியில் உள்ளது யாது? எத்திசை நோக்கி நிற்கின்றது? இம்மூன்றனுக்கும் விடை தேடுவோனுக்குக் கதை தானே வந்து வாய்க்கும். இனி இவ்வினாக்களோடு சீனத்துப் பௌத்த ஆலயம் ஒன்றினுட் புகுவோமாக.

வாயிலின் இருபுறமும் இரண்டு சிங்கங்கள் அமர்ந்திருக்கும். இரண்டும் ஒன்று போலத் தோன்றும். காலடியை நோக்கினால் வேற்றுமை விளங்கும். ஒன்று தன் பாதத்தின்கீழ் ஒரு பந்தை வைத்திருக்கும், அஃது ஆண். மற்றொன்று குட்டியை வைத்திருக்கும், அது பெண். வாயிலைக் கடந்தால், முன்மண்டபத்தின் இருமருங்கும் இருவர் இருவராக நான்கு பேருருவங்கள் நிற்கும். இவர்கள் நாற்றிசை காக்கும் வேந்தர். ஒருவன் கையில் வாளும், ஒருவன் கையில் வீணை போன்ற நரம்புக் கருவியும், ஒருவன் கையிற் குடையும், ஒருவன் கையிற் பாம்பும் இருக்கும். வாள் காற்றையும், இசைக்கருவி இசைவையும், குடை மழையையும், பாம்பு ஒழுங்கையும் குறிக்கும் என்பர். நான்கையும் சேர்த்துப் படித்தால், காற்றும் மழையும் பருவந் தவறாது இசைந்து வருக என்னும் வாழ்த்தாக முடியும். மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டு வானத்தை நோக்கியிருக்கும் பாடாலூர்ப் பக்கத்து உழவருக்கு இவ்வாழ்த்தின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. குடை பிடித்தவன் யார் எனில், வடதிசைக் காவலனாகிய வைசிரவணன். அஃதாவது நம் புராணங்கள் கூறும் குபேரன். சீனப் போர்க்கவசம் பூண்டு நிற்பதால் நாம் அவனை அடையாளம் கண்டுகொள்வதில்லை.

அம்மண்டபத்தின் நடுவிலே, வருவோரை நோக்கி, பருத்த வயிறும் திறந்த மார்பும் மலர்ந்த நகையுமாக ஒருவர் வீற்றிருப்பார். நம் நாட்டுக் கடைகளிலும் 'சிரிக்கும் புத்தர்' என்று விற்கப்படும் உருவம் இதுவே. இவர் கௌதம புத்தர் அல்லர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீனத்தின் கீழ்ப்பகுதியில், தோளிலே ஒரு துணிப்பையைச் சுமந்து ஊரூராகத் திரிந்த பூதாய் என்னும் துறவி இவர். பூதாய் என்பதற்குத் துணிப்பை என்பதே பொருள். இனி வரவிருக்கும் புத்தராகிய மைத்திரேயரின் அவதாரமே இவர் என்று மக்கள் நம்பினர். இவருக்குப் பின்புறமாக, இவருக்கு முதுகைக் காட்டி, உள்ளே இருக்கும் புத்தர் சந்நிதியை நோக்கி, கவசம் அணிந்த இளைஞன் ஒருவன் தண்டாயுதத்தோடு நிற்பான். அவன் பெயர் வெய்த்துவோ. இருவரும் ஏன் முதுகோடு முதுகாக நிற்கின்றனர் என்பதற்குச் சீன மக்கள் ஓர் இனிய கதை சொல்வர். முன்பு இருவரும் வெவ்வேறு ஆலயங்களுக்குத் தலைவராயிருந்தனராம். பூதாயின் நகைமுகத்தைக் கண்டு மக்கள் திரள் திரளாக வந்தனர். ஆயின் அவருக்குக் கணக்கு வழக்குத் தெரியாமையால் ஆலயம் கடன்பட்டது. வெய்த்துவோ கணக்கில் வல்லவன். ஆயின் அவன் கடுமுகத்தைக் கண்டு வருவோர் குறைந்தனர். புத்தர் இதனை அறிந்து, இருவரையும் ஓர் ஆலயத்திலேயே அமர்த்தி, நகைமுகத்தானை வாயில் நோக்கியும், கடுமுகத்தானை உள்நோக்கியும் இருக்கச் செய்தார். ஒரு கலாசாலையை நடத்துவோர்க்கும் இக்கதை பயன்படும் என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வெய்த்துவோ யார்? ஸ்கந்தனே. ஸ்கந்தன் என்னும் வடமொழிப் பெயரைச் சீன எழுத்திற் பெயர்த்தெழுதியபோது ஓரெழுத்து மாறிப் போனமையால் இப்பெயர் உண்டாயிற்று என்பர் ஆராய்ச்சியாளர். புத்தர் பரிநிருவாணம் அடைந்தபின், விரைந்தோடும் அரக்கர் அவருடைய திருப்பல்லைக் கவர்ந்து சென்றனர் என்றும், வெய்த்துவோ அவரினும் விரைந்தோடி அதனை மீட்டனன் என்றும் சீனத்துக் கதை கூறும். நம் முருகன் மயிலேறி உலகைச் சுற்றி வந்த வேகம் அங்கே இவ்வடிவம் பெற்றதுபோலும்! அவன் தண்டத்தை வைத்திருக்கும் வகையும் நோக்கத்தக்கது. தண்டம் தோளின்மேல் இருப்பின், அவ்வாலயம் வழிச்செல்லும் துறவிகளுக்கு உணவும் உறையுளும் தரும் பெரிய ஆலயம்; நிலத்தில் ஊன்றியிருப்பின், அவ்வசதி இல்லை என்பது வழக்கு. எழுத்தறியாத வழிப்போக்கனும் சிலையைப் படித்துத் தன் இராத்தங்கலை முடிவு செய்துகொள்வான். செட்டிகுளத்திலே கரும்பேந்தி வழிகாட்டிய தண்டாயுதபாணி, சீனத்திலும் தண்டமேந்தி வழிப்போக்கருக்குக் குறிகாட்டி நிற்கின்றான்.

சீனத்துச் சிலைகளுள் அழகிற் சிறந்தது குவான்யின் என்னும் கருணைத் தேவியின் சிலை. கையிலே நீர்க்குடமும் வில்லோக் கொம்பும் ஏந்தி, வெண்ணிற ஆடையுடுத்து நிற்கும் இவ்வுருவம், இந்தியாவிலே ஆண் வடிவாக வழிபடப்பட்ட அவலோகிதேசுவர போதிசத்துவரே. சீனம் சென்ற சில நூற்றாண்டுகளில் அவர் பெண் வடிவு கொண்டார். அதற்குக் காரணமாக மக்கள் கூறும் கதை மனத்தை உருக்குவது. மியாவ்ஷான் என்னும் அரசகுமாரி, தந்தை வற்புறுத்திய திருமணத்தை மறுத்துத் துறவு பூண்டாள். தந்தை சினந்து அவளைக் கொல்ல முயன்றான். பின்னர் அவன் தீரா நோயுற்றபோது, சினமே அறியாத ஒருவரின் கண்ணும் கையுமே மருந்து என்று கூறப்பட்டது. மலையிலிருந்த ஒரு துறவி அவற்றை மனமுவந்து அளித்தார். நோய் நீங்கிய அரசன் நன்றி கூறச் சென்று, கண்ணும் கையும் இழந்து நிற்பவள் தன் மகளே என்று கண்டு கதறினான். அக்கணமே அவள் ஆயிரங் கையும் ஆயிரங் கண்ணும் பெற்றுத் தோன்றினாள். இக்கதை அறியாதவனுக்கு ஆயிரங் கையுடைய குவான்யின் வியப்பளிக்கும் உருவம் மாத்திரமே. அறிந்தவனுக்கோ, இழந்த இரு கைகளின் நினைவு அவ்வாயிரத்திலும் தோன்றும். அவலோகிதேசுவரர் உறையும் மலை பொதலகம் எனப்படும். தென்னாட்டுப் பொதிகையே அது என்று கருதும் அறிஞரும் உளர்.

இச்சிலைகளைக் காணச் சீனம் வரையிற் செல்ல இயலாதார் சிங்கப்பூருக்குச் சென்றாலும் போதும். அங்கே தெலுக் ஆயர் தெருவிலே, சீனத்து ஃபூஜியான் மாகாணத்தார் 1839 முதல் 1842 வரையிற் கட்டிய தியான் ஹொக் கெங் என்னும் ஆலயம் இருக்கின்றது. அது மாஜு என்னும் கடல் தேவிக்கு உரியது. பத்தாம் நூற்றாண்டில் மெய்சோ தீவிற் பிறந்த லின் மோ என்னும் செம்படவப் பெண்ணே, புயலில் அகப்பட்ட மாலுமிகளைக் காக்கும் தேவியானாள் என்பது வரலாறு. அதே தெருவிலே, சில அடித் தொலைவில், தமிழ் முஸ்லிம்கள் 1828-30 ஆம் ஆண்டுகளில் எழுப்பிய நாகூர் தர்கா நிற்கின்றது. கடல் கடந்து பிழைக்க வந்த இரு நாட்டாரும், உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி கூற, ஒரே கரையில் அடுத்தடுத்து இடம் தேடிக்கொண்டனர்.

இதுகாறும் கூறியவற்றுட் பெரும்பாலன பௌத்தத்தோடு சென்றவை. வணிகரோடு கடல்வழியே சென்ற கதைகளும் உள. அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தின் சிறப்பை நம்மவர் அறிவர். இராசராசன் அனுப்பிய தூதுக்குழு கி. பி. 1015 ஆம் ஆண்டிற் சீன அரசவையை அடைந்தது. இராசேந்திரன் காலத்தில் 1033 ஆம் ஆண்டிலும், முதற் குலோத்துங்கன் காலத்தில் 1077 ஆம் ஆண்டிலும் தூதுவர் சென்றனர். சீனரும் நம் கரைக்கு வந்தனர். நாகப்பட்டினத்திலே ஒரு செங்கற் கோபுரம் இருந்ததென்றும், அது 1267 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டதைக் குறிக்கும் சீன எழுத்துக்கள் அதில் இருந்தனவென்றும், பதினான்காம் நூற்றாண்டிற் கடற்பயணம் செய்த வாங் தாயுவான் எழுதி வைத்துள்ளார். 'சீனக் கோபுரம்' என்று ஐரோப்பியர் அழைத்த ஒரு பழங்கோபுரம் அவ்வூரில் 1867 ஆம் ஆண்டு வரை நின்று, அவ்வாண்டில் இடிக்கப்பட்டது. வாங் தாயுவான் கூறியது அதுவே என்று கருதுவோரும் உளர். 1856 முதல் 1934 வரையில் அவ்வூரிற் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறக்குறைய 350 ஆகும்.

கடலின் அக்கரையில் இதற்கு எதிர்முகமாக விளங்கியது சுவான்சௌ என்னும் துறைமுகம். அராபியரும் மார்க்கோ போலோவும் அதனைச் சைத்தூன் என்றனர். 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. அங்கே 1956 ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தது. சகம் 1203, அஃதாவது கி. பி. 1281 ஆம் ஆண்டு, சித்திரைத் திங்கட் சித்திரை நாளிலே, சம்பந்தப் பெருமாள் என்பவர், மங்கோலிய மன்னனின் நலத்திற்காக, அம்மன்னனது ஆணையின்படி, திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளுவித்தார் என்பது அதன் செய்தி. அதன் அடியிலே சீன எழுத்தும் உண்டு. அது குப்ளாய் கான் ஆண்ட காலம். அச்சிவாலயம் இன்று இல்லை. ஆயினும் அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் முந்நூற்றுக்கு மேற்பட்ட சிற்பத் துண்டுகள் கிடைத்துள்ளன.

அவற்றுள் ஒன்றிலே, ஓர் யானை தன் துதிக்கையால் மலரெடுத்துச் சிவலிங்கத்திற்குச் சாத்துகின்றது. இச்சிற்பத்தின் கதையை நம் மாணவருள் அறியாதார் யார்? பாடாலூரிலிருந்து தெற்கு நோக்கிச் சென்று, காவிரியின் கரையை அடைந்தால் திருவானைக்கா. வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்திற்கு யானை நீராட்டி மலரிட்டதும், சிலந்தி வலையால் விதானம் அமைத்ததும், ஒன்றன் தொண்டை ஒன்று அறியாமையால் இரண்டும் போரிட்டு மடிந்ததும், அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை புகவியலாத மாடக்கோயில்கள் எடுத்ததும் தமிழ்நாட்டுத் தாய்மார் குழந்தைகளுக்குச் சொல்லும் கதையன்றோ! சீனத்துக் கல்லிலே இதனைச் செதுக்குவித்த வணிகன், பொருளீட்டச் சென்றபோதும் தன் ஊர்க் கதையை மறந்திலன்.

அந்நகரத்துக் காய்யுவான் என்னும் பௌத்த ஆலயம் 686 ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கும் ஒரு கதை உண்டு. ஹுவாங் என்னும் செல்வருக்கு அங்கே முசுக்கட்டைத் தோட்டம் இருந்தது. பட்டுப்புழுக்களுக்கு அதன் இலையே உணவு. ஒரு துறவி கோயில் கட்டுதற்கு அத்தோட்டத்தைக் கேட்டார். 'இம்மரங்கள் தாமரை பூக்குமாயின் தருவேன்' என்றார் செல்வர். சில நாளில் மரங்கள் தாமரை பூத்தன; தோட்டம் கோயிலாயிற்று. அம்மரமே இது என்று ஒரு முதிய மரத்தை இன்றும் காட்டுவர். அவ்வாலயத்தில் 1237 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட மேலைக் கோபுரத்தில், வாளேந்திய வானர வீரன் ஒருவன் உருவம் உளது. இந்தியாவுக்கு யாத்திரை வந்த யுவான் சுவாங்குக்குத் துணை நின்றதாகப் பிற்காலக் கதை புகழும் குரங்கு வீரனின் பழைய வடிவம் அது என்பர். அவனுக்கும் நம் அனுமனுக்கும் உறவு உண்டோ என்பது அறிஞர் இன்னும் வாதிக்கும் பொருள்.

அவ்வாலயப் பெருமண்டபத்தின் பின்புறத்தில் இரண்டு கற்றூண்கள் உள்ளன. மறைந்த கோயில்களிலிருந்து எடுத்து, மிங் அரசர் காலத்துத் திருப்பணியில் அவை அங்கே நிறுத்தப்பட்டன என்பர். அவற்றில் நரசிங்கமும், முதலையின் வாயினின்று யானையைக் காத்த திருமாலும், கண்ணன் உரலோடு மருத மரங்களினிடையே தவழ்ந்த கதையும் செதுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் இறுதியிற் கூறியது நம் சிந்தனைக்கு உரியது. நாரதர் சாபத்தால் மரங்களாக நின்று கண்ணனால் விடுபட்டவர்கள் குபேரனின் மக்களாகிய நளகூபரனும் மணிக்கிரீவனும் ஆவர். இந்நளகூபரன் பௌத்த நூல்கள் வாயிலாகவும் சீனம் சென்றான். அங்கே பெயர் சுருங்கி நெஜா என்னும் தெய்வக் குழந்தையானான். நாககுமாரனைக் கொன்ற பழி தன் பெற்றோரைச் சூழாதிருக்க, ஊனைத் தாய்க்கும் எலும்பைத் தந்தைக்கும் திருப்பியளித்து இறந்து, பின் தாமரையிலிருந்து மீண்டும் உடல் பெற்று, தீச்சக்கரங்களின்மேல் ஊர்ந்து செல்பவன் அவன். ஆகவே, ஒரே நளகூபரன் தரைவழியும் கடல்வழியுமாக இருமுறை சீனத்தை அடைந்துள்ளான். தூணில் உள்ளவனும் சக்கரத்தில் ஏறியவனும் ஒருவனே என்பது அங்கே வழிபடுவோருட் பலர்க்குத் தெரியாது. நம்மவருள்ளும் பலர்க்குத் தெரியாது.

கதை மறைந்துவிட்டாற் சிலை என்னாகும்? சுவான்சௌவை அடுத்த செதியான் என்னும் சிற்றூரிலே, நான்கு கைகளோடு வீற்றிருக்கும் இந்து தேவியின் சிலை ஒன்றை ஊரார் குவான்யினாகவே வழிபட்டு வருகின்றனர். செதுக்கியோர் சொன்ன கதையை அவர் அறியார். தமக்குத் தெரிந்த கருணைத் தேவியின் கதையை அச்சிலைக்கு அளித்து, ஊதுவத்தி ஏற்றிக் காத்தனர். இதற்கு நேர்மாறான செய்தி நம் சேலத்தில் உண்டு. அங்கே தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்டு வந்த சிலை புத்தர் சிலையே என்று, தொல்பொருள் ஆய்வுத் துறையார் அறிக்கையின்மேல், 2022 ஆம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் முடிவு கூறியது. பெயர் எதுவாயினும், வழிபட்டவர் காத்தனர் என்பது இரண்டிடத்தும் ஒக்கும். உரிய கதையை அறிந்து போற்றுதல் சிறப்பு. வேறு கதை கூறியேனும் போற்றுதல் அதற்கு அடுத்தது. எக்கதையும் இன்றிக் கைவிடுதலே அழிவு.

இவ்வழிவு தொலைவில் இல்லை. பாடாலூருக்கு வடக்கே, அந்நெடுஞ்சாலையிலேயே, சிறுவாச்சூர் இருக்கின்றது. மதுரையிலிருந்து வந்த காளி அங்கே ஓரிரவு தங்க இடங் கேட்டாள் என்றும், அவ்வூர்ச் செல்லியம்மன் மந்திரவாதி ஒருவனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தமை அறிந்து அவனைக் கொன்றாள் என்றும், செல்லியம்மன் தன் இடத்தையே அவளுக்கு அளித்துவிட்டுப் பெரியசாமி மலைக்குச் சென்றாள் என்றும் கூறுவர். இடம் தந்தவளை மறவாமல், இன்றும் மதுரகாளியம்மன் சந்நிதியில் மலையை நோக்கி முதலில் தீபம் காட்டும் வழக்கம் உண்டு. வந்தவளும் இருந்தவளும் ஒருவரையொருவர் மதித்த இக்கதையினும் இனிய கதையைச் சீனத்திலும் காண்டல் அரிது. அம்மலைக் கோயிலின் சிலைகள் பல 2021 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உடைக்கப்பட்டன. உடைந்த சிலையைத் திருத்தலாம், புதிதாகவும் செய்யலாம். அதன் கதை அறிந்தவர் மறைந்துவிட்டால், எதனைச் செய்வது என்பதே தெரியாது போம்.

ஆகவே, விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவ நண்பர்கள் ஒரு காரியம் செய்வார்களாக. தம் ஊரிலும் அயலூரிலும் உள்ள சிலைகளை அணுகி, கையையும் காலடியையும் நோக்குந் திசையையும் குறித்துக்கொள்க. பின்னர் ஊரில் வயது முதிர்ந்தோர், பூசாரிகள், வேளார்கள் ஆகியோரைக் கண்டு, அவற்றின் கதையை அவர்கள் சொல்லுமாறே எழுதி வைக்க. இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டனையும் எழுதுக; எது மெய் என்று வழக்காடுதல் வேண்டா. பழைய மாணவருள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்வோர், அங்குள்ள சீன ஆலயங்களின் கதைகளை அயல்வீட்டாரிடம் கேட்டு எழுதலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் சிறிது பொறுமையும் இருந்தால் இது கைகூடும். அவ்வாறு எழுதப்பட்டவை இரண்டொன்றேனும் அடுத்த ஆண்டு இப்பத்திரிகையில் இடம்பெறுமாயின், நாம் பெரிதும் மகிழ்வோம்.